தென்னாற்காட்டில் சினிமா – 17: பெட்டிக்கு வராத சுருள்

சென்ற இதழில் படப்பெட்டியை விழுப்புரம் ஜங்ஷனில் இறக்கி, கூலியாள் தலையில் ஏற்றி, கொட்டகை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார். பழைய சிவாஜி ரசிகர் என்று குரலிலேயே தெரிந்தது. “பெட்டியில வந்ததையெல்லாம் எழுதிட்டீங்க சார். பெட்டிக்கு வராமலே போனதுன்னு ஒண்ணு இருக்குமே, அதை எப்ப எழுதப்போறீங்க?” என்றார். பார்க்கலாம் என்று மழுப்பினேன். பிறகு யோசித்தால், விழுப்புரத்தைத் தன் பெயரில் சுமந்த நடிகரின் கதையே பெட்டிக்கு வராத சுருளில்தான் தொடங்குகிறது. ஆகவே தணிக்கை பற்றிய அத்தியாயத்தை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. சினிமாக்காரர்கள் அந்தக் காலத்தில் நேரத்தை நிமிடத்தில் சொல்லமாட்டார்கள், அடியில் சொல்வார்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். திரையில் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். ஆக, நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம். மூன்று மணி நேரப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். அதை எடுக்க அதைப்போலப் பல மடங்கு பிலிம் ஓடியிருக்கும். நன்றாக வந்தது ‘ஓ.கே.’, வராதது ‘என்.ஜி.’. என்.ஜி. என்று சீட்டில் குறித்ததெல்லாம் ஒருநாள் குப்பைக்குப் போகும்.

கச்சா பிலிம் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அதற்குக் கடும் தட்டுப்பாடு வந்து, எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு முன் இருபது முப்பது பாட்டுகளோடு நான்கு மணி நேரம் படம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது அரைச்சாப்பாடு மாதிரி இருந்திருக்கும். அடிக்கணக்கில் ரேஷன் வாங்கிப் பிழைத்த அந்தத் தலைமுறைத் தயாரிப்பாளர்கள், எடுத்த பிலிமைத் தூக்கிப் போடுவதென்றால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் போட்டிருக்க வேண்டும்.

அவர்களில் தயங்காமல் போட்டவர் ஒருவர் இருந்தார். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்.

1938-இல் அவர் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்த அம்மையாரின் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. நடித்தவரே பாடியாக வேண்டும் என்பது அன்றைய நியதி. செட்டியார் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து அந்தக் குரலை நடிகையின் வாயில் ஏற்றினார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடல் இப்படித்தான் நுழைந்தது. 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’. டி.ஆர். மகாலிங்கம் வேலன், குமாரி ருக்மணி வள்ளி. (நடிகை லட்சுமியின் தாயார்தான் இந்த ருக்மணி.) படம் எடுத்து முடித்தாகிவிட்டது, ருக்மணி பாடியும் கொடுத்துவிட்டார். செட்டியாருக்குக் காது ஒப்பவில்லை. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, திரையில் ருக்மணியின் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடச் சொல்லி, பாட்டுகளை மறுபடி பதிவு செய்தார். ‘ஸ்ரீவள்ளி’ ஓடிய ஓட்டம் ஊரறிந்தது. ருக்மணியின் வள்ளிக் குரல் படத்தில் நிலைக்கவில்லை. பெரியநாயகி நன்றாகவே பாடினார், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனாலும் தன் முகத்தோடு வேறொரு குரல் பாடுவதைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்ட அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் செட்டியாரின் கண் முன்னால்தான் 1952-இல் ஒரு நாடகக்காரப் பையன் வந்து நின்றான்.

வி.சி. கணேசன். விழுப்புரம் சின்னையா கணேசன். பிறந்தது 1928 அக்டோபர் 1. தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியவர். மகன் பிறந்த அன்றே தந்தை கைதானார் என்று சிவாஜி தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். குடும்பம் பிறகு திருச்சிக்குப் போய்விட்டது. பையன் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டான். விழுப்புரத்தில் அவர் வாழ்ந்த காலம் கொஞ்சம்தான். ஆனால் எழுத்து அவரை விடவில்லை. பெயரின் முன்னெழுத்தில் அந்த ‘வி’ இருந்தது. அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் நடித்ததைப் பார்த்துப் பெரியார் ‘சிவாஜி’ என்ற பட்டத்தைக் கொடுத்தார். விழுப்புரத்துக்காரனுக்கு இந்தப் பெயர் வந்தது ஒரு வேடிக்கை. நிஜச் சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை, திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில், செஞ்சியில்தான் நிற்கிறது. அந்த நாடக வேடம்கூட முதலில் எம்.ஜி.ஆருக்கு என்று இருந்ததுதான். அவர் விலகியதால் கணேசனுக்கு வந்தது. இன்னொருவர் விட்ட இடத்தில் இவர் வந்து உட்கார்வது அங்கேயே ஆரம்பித்துவிட்டது. இந்த அத்தியாயத்தில் அது மறுபடியும் வரும்.

வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியார், நேஷனல் பிக்சர்ஸ் அதிபர். சக்தி நாடக சபாவின் ‘நூர்ஜகான்’ நாடகத்தில் கணேசன் நூர்ஜகானாகவே, பெண் வேடத்தில், நடித்ததைப் பார்த்து அசந்துபோனவர். ‘பராசக்தி’யை ஏ.வி.எம். கூட்டில் எடுக்கத் தீர்மானித்தபோது கதாநாயகன் குணசேகரன் இந்தப் பையன்தான் என்று நின்றார். சம்பளம் மாதம் 250 ரூபாய். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம்.

கேமரா முன்னால் கணேசன் முதன்முதலில் சொன்ன சொல் ‘சக்சஸ்’ என்பது தமிழ்நாட்டில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொன்ன இடத்தில் ஏ.வி.எம். ஸ்டுடியோவில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நம்மாட்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். இரண்டாயிரம் அடிக்கு மேல் எடுத்தபின் ரஷ், அதாவது இன்னும் தொகுக்காத பிலிமை, போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி இல்லை. பையன் ஒல்லி. முகத்தில் சதை இல்லை. கதாநாயகக் களை போதாது. கே.ஆர். ராமசாமியைப் போட்டுவிடலாம் என்றார். ராமசாமி அன்று பெரிய நட்சத்திரம். ‘வேலைக்காரி’ வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வியாபாரக் கணக்கில் செட்டியார் சொன்னதில் தப்பே இல்லை.

பெருமாள் முதலியார் ஒப்பவில்லை. இந்தப் பையன்தான், இல்லாவிட்டால் படம் வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடிவாதம். கணேசனின் உடம்பைத் தேற்றும் வேலை நடந்தது. சதை பிடித்த பிறகு, முதலில் எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று ‘பராசக்தி’ வெளியானது. நமக்குத் தெரிந்த சிவாஜி அன்று பிறந்தார். அந்தப் பழைய இரண்டாயிரம் அடி, நம் கணக்கில் இருபத்திரண்டு நிமிடம், படத்தில் இல்லை. ஒல்லிக் கணேசன், நாடக மேடைச் சுருதி இன்னும் இறங்காத கணேசன், அதில் இருந்திருப்பார். அந்த இருபத்திரண்டு நிமிடம் மட்டும் இன்று கிடைத்தால், நடிப்பைப் பாடமாகப் படிக்கிறவர்கள் அதைவைத்து ஒரு வருஷம் வகுப்பு நடத்தலாம். எப்படித் தேறினார் என்பதற்கு அதைவிடச் சாட்சி ஏது?

ஆனால் அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்கவும் முடியாது. பேர் தெரியாத நடிகனின் என்.ஜி.யை எந்தப் பைத்தியக்காரன் டப்பாவில் போட்டுப் பூட்டுவான்?

சிவாஜி மறக்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூருக்குப் போய்ப் பெருமாள் முதலியாருக்குச் சீர்வரிசை வைத்துக் கும்பிட்டு வந்தார். விழுப்புரத்தில் காட்பாடி ரயிலில் ஏறினால் வழியில் வருவதுதான் வேலூர்.

இனிமேல்தான் கதை திரும்புகிறது. இரண்டே வருஷம். அதே ஸ்டுடியோ, அதே செட்டியார். வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’. ரேடியோ என்ஜினீயர் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். யார் சுட்டது என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1954-இல் பாட்டில்லாத தமிழ்ப்படம் என்றால் உப்பில்லாத பந்தி. அதற்கே துணிந்தவர்களுக்குக் கதாநாயகன்தான் அமையவில்லை. முதலில் எஸ்.வி. சகஸ்ரநாமம் (‘பராசக்தி’யில் குணசேகரனின் அண்ணனாக வந்தவர்). வயது அதிகமாகத் தெரிகிறது என்று அவரை மாற்றினார்கள். அடுத்து கல்கத்தாவிலிருந்து என். விசுவநாதன். படத்தின் பெரும்பகுதியை அவரை வைத்தே எடுத்தும் முடித்தார்கள். செட்டியார் போட்டுப் பார்த்தார். மறுபடியும் தலை ஆடியது. கதை, வசனம் எழுதி, சி.ஐ.டி. அதிகாரியாக நடிக்கவும் செய்த ஜாவர் சீதாராமனோடு பேசிச் சிவாஜியைக் கொண்டுவரத் தீர்மானித்தார். பாலசந்தர் முரண்டு பிடித்தார்; எடுத்ததையெல்லாம் கொளுத்திவிடுங்கள் என்று செட்டியார் சொல்லிவிட்டார் என்று கோடம்பாக்கத்தில் சொல்வதுண்டு. கொளுத்தினார்களோ இல்லையோ, விசுவநாதன் நடித்த ‘அந்த நாள்’ ஒழிந்தது. சிவாஜி நடித்த ‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது.

1952-இல் யாருடைய சுருள் குப்பைக்குப் போனதோ, அவருக்காக 1954-இல் இன்னொருவரின் சுருள் குப்பைக்குப் போயிருக்கிறது. விசுவநாதனுக்காகப் பிடிவாதம் பிடிக்க ஒரு பெருமாள் முதலியார் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒரு சமயம் நினைத்தேன். ‘அந்த நாள்’ படத்தை மறுபடி பார்த்தபோது அந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. ராஜன் என்கிற அந்தக் கெட்டிக்காரத் துரோகியை வேறு ஒரு முகத்தில் என்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் இதுவும் குதர்க்கமான தீர்ப்புதான். மற்றதைப் பார்க்கக் கொடுக்காமலேயே இதுதான் சரி என்று நம்மைச் சொல்லவைத்துவிட்டார்கள். விசுவநாதன் ஒன்றும் சோடை இல்லை. எட்டு வருஷம் கழித்து சத்யஜித் ராய் அவரைத் தன் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடிக்கவைத்தார். நம் ஜனங்களுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ‘மூன்று முடிச்சு’ வந்த 1976-இல்தான். ஸ்ரீதேவி கல்யாணம் செய்துகொள்ளும் அந்தப் பெரியவர்.

செட்டியாரை வில்லனாக்கிப் பேசுவதும் இப்போது வாடிக்கையாகிவிட்டது. அது எனக்கு உடன்பாடில்லை. தூக்கிப் போட்டது அவர் பணம். திருப்பி எடுக்கச் செலவழித்ததும் அவர் பணம். அமெரிக்காவில் 1942-இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தில், அவர் பிரேசிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆர்.கே.ஓ. நிறுவனம் நாற்பது நிமிடத்துக்கு மேல் வெட்டி, வெட்டியதை அழித்தும்விட்டது. படைத்தவன் சம்மதம் இல்லாமல் வெட்டிய அந்தக் கையையும், திரும்ப எடுக்கத் துட்டு எண்ணிக் கொடுத்த செட்டியார் கையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பாட்டுகளின் விதி வேறு. வெட்டிய காட்சி செத்துவிடும். வெட்டிய பாட்டு பிழைத்துவிடும். காரணம், படம் முடிவதற்கு முன்பே அன்று இசைத்தட்டு கடைக்கு வந்துவிடும். ‘கர்ணன்’ (1964) படத்துக்காக டி.எம்.எஸ்.ஸும் பி. சுசீலாவும் பாடிய ‘மகாராஜன் உலகை ஆளலாம்’ தட்டில் உண்டு, படத்தில் இல்லை. 2012-இல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பித்து வந்து நூறு நாள் தாண்டி ஓடியது. அப்போதும் அந்தப் பாட்டைத் திரையில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு எஸ். ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’, ‘தளபதி’ (1991) படத்துக்கு யேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘புத்தம் புது பூ பூத்ததோ’ இரண்டும் அப்படித்தான். படத்துக்குக் காசு கொடுத்து உள்ளே போய், அந்தப் பாட்டு எப்போது வரும் எப்போது வரும் என்று இடைவேளை முறுக்கைக்கூட ஒழுங்காகத் தின்னாமல் காத்திருந்து ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

இந்தப் பாட்டுகளை எங்கள் பக்கத்தில் ஊர் ஊராகக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. மரக்காணம் கடற்கரையிலிருந்து உள்ளே செஞ்சி வரைக்கும், டீக்கடைப் பலகையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தால் போதும். படத்தில் இருக்கிறதா இல்லையா என்று வானொலிக்கு என்ன கவலை? தட்டில் இருந்தால் சுழலும். பிறகு கேசட் கடைக்காரர்கள் வந்தார்கள். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பாட்டுக்கு இடம் மிஞ்சினால் அவர்கள் நிரப்பியது பெரும்பாலும் இந்த மாதிரி அநாதைப் பாட்டைத்தான்.

இனி நம் ஊர்க் கத்தரிக்கு வருவோம். விநியோகஸ்தர்கள் மொழியில் விழுப்புரமும் திண்டிவனமும் ‘என்.எஸ்.சி. ஏரியா’. நார்த் ஆற்காடு, சவுத் ஆற்காடு, செங்கல்பட்டு. மாவட்டங்கள் பிரிந்து, 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகியும், சினிமா வரைபடத்தில் மட்டும் பழைய ஆற்காடுகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. ஒரு பிரிண்ட் பெரிய ஊரில் ஓடி, அடுத்த ஊரில் ஓடி, கடைசியில் டூரிங் டாக்கீஸுக்கு வரும்போது அதன் உடம்பில் பாதி காயம். ஓரத்து ஓட்டைகள் கிழியும். கிழிந்த இடத்தை ஆபரேட்டர் கத்தரித்து, பிலிம் சிமென்ட் தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில பிரேம் போகும். வசனத்தில் ஒரு சொல் விழுங்கப்படும். ரீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் அடிபடும். கீறல்கள் திரையில் கோடு கோடாக இறங்க, “படம் முழுக்க மழைடா” என்பார்கள்.

அந்தத் துண்டுகள் ஆபரேட்டர் ரூம் ஜன்னலுக்குக் கீழே விழும். எங்கள் கொட்டகையின் பின்பக்கத்தில், சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே முழங்கை அகலத்தில் ஒரு சந்து. தீர்ந்த கார்பன் குச்சிகளும் பிலிம் துண்டுகளும் அங்கேதான் கிடைக்கும். காலையில் யார் முந்துகிறானோ அவனுக்கு. நாலைந்து பிரேம் உள்ள துண்டுக்குத் தனி விலை, எம்.ஜி.ஆரோ சிவாஜியோ முழு முகமாக இருந்தால் இரட்டை விலை. விலை என்றால் கோலிக்குண்டுதான்.

பியூஸ் போன குண்டு பல்பின் அடிப்பகுதியைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கும் கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். திண்ணையில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைக் கதவிடுக்கு வழியாக உள்ளே அனுப்புவான். இருட்டு அறையில் அப்பாவின் வேட்டி திரை. படம் தலைகீழாக விழும். ஆகவே பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வேட்டியில் விழும் அந்த அசையாத ஒற்றைப் பிரேமை மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது, அன்று இரவுக் காட்சியில் யாருக்கும் கிடைக்காத இருபத்து நான்கில் ஒரு பங்கு வினாடி என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

இப்போது கத்தரித்தால் கீழே ஒன்றும் விழுவதில்லை. 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ படம் இணையத்தில் வந்தது. திண்டிவனத்தில் இருளர் உரிமைக்காகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கதையின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்ததுதான். அதில் ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அக்னி குண்டப் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் நாட்காட்டி மாறிவிட்டது. எந்தக் கொட்டகைக்கும் பெட்டி திரும்பிப் போகவில்லை, யாரும் கத்தரியைத் தொடவும் இல்லை. அடுத்த நாள் பார்த்தவருக்கு முந்தைய நாள் பார்த்தவர் கண்டது கிடையாது. மாற்றியது சரியா தப்பா என்பதை விடுங்கள். பொறுக்கி எடுக்க நமக்குச் சந்து இல்லை.

பழைய பிலிமில் அந்தச் சந்து இன்னும் எங்காவது இருக்கலாம் என்று நம்புகிறேன். நம்பக் காரணமும் இருக்கிறது. ஜெர்மனியில் 1927-இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் வெட்டி எறிந்து, தொலைந்தே போனது என்று எண்பது வருஷம் எல்லோரும் கைவிட்ட காட்சிகள், 2008-இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஒரு பிரதியில் கிடைத்தன. படம் எடுத்த ஊரில் வெட்டிவிட்டார்கள். கடைசியாகப் பெட்டி போய்ச் சேர்ந்த ஊரில் வெட்டாமல் இருந்தது. நம்முடையவை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் திண்டிவனம், செஞ்சி, மயிலம் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களும், கடல் தாண்டினால் இலங்கையும் மலேசியாவும்தான்.

ஆகவே வாசகர்களுக்கு, குறிப்பாகக் கொட்டகை நடத்திய குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பரணில் தகரப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். வெயிலிலோ சமையலறைப் பக்கத்திலோ வைக்காமல், காற்றோட்டமான குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964 முதல் இருக்கிறது. பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, நோட்டீஸ் என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொட்டகை வாசலில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்களைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். படத்தில் வராத பாட்டின் வரிகள் பல நேரம் அதில்தான் அச்சாகியிருக்கும். உங்களிடம் இருக்கிற புத்தகத்தை எடுத்து, படத்தைப் போட்டு, பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.